வீட்டு ஹாட் டப்புக்கு லிக்விட் குளோரின்: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவின் மூட்டுவலிக்காக 2021இல் வீட்டில் ஹாட் டப் வைத்தோம். அய்யர் பங்களா பக்கம் வீடு. மாடியில் ஷீட் கூரைக்கு அடியில் தொட்டி. 1,200 லிட்டர் பிடிக்கும். "மதுரை வெயிலுக்கு வெந்நீர்த் தொட்டி ஒரு கேடா?" என்று அன்றைக்குச் சிரித்த சொந்தக்காரர்களில் இரண்டு பேர் இன்றைக்குத் தங்கள் வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும்: "தண்ணி கலங்கிருச்சு, என்னத்த ஊத்துறது?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை. நாலைந்து வருடம் இந்தத் தொட்டியோடு மல்லுக்கட்டியவன்.

லிக்விட் குளோரின் என்பது எது? கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், பிளீச் வாசனை. கொரோனா சமயத்தில் தெருத்தெருவாக அடித்தார்களே, அதுவேதான். தண்ணீர் ஊற்றி 1 சதவீதமாக்கி அடித்தார்கள். கெமிக்கல் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 10 முதல் 12 சதவீதம். மளிகைக் கடை பிளீச் பாட்டில் 4, 5 சதவீதம் இருக்கும்.

கடைக்காரர்கள் சுருக்கமாக "ஹைப்போ" என்பார்கள். இங்கேதான் நான் முதல் தடவை ஏமாந்தேன். ஏமாற்றியவர் யாரும் இல்லை, பெயர்தான். பழைய ஸ்டுடியோக்காரர்கள் பிலிம் கழுவப் பயன்படுத்திய சோடியம் தயோசல்பேட்டுக்கும் "ஹைப்போ" என்றே பெயர். டவுனுக்குள் ஒரு கடையில் போய் "ஹைப்போ ஒரு கிலோ" என்றேன். கல்கண்டு மாதிரி வெள்ளைக் கட்டிகளைக் கட்டிக் கொடுத்தார்கள். பவுடர் வகை போலிருக்கிறது என்று நினைத்துத் தொட்டியில் கரைத்தேன். தயோசல்பேட் குளோரினைக் கொல்லும் சாமான்! மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை எடுக்க அதைத்தான் போடுவார்கள். அன்றைக்கு நான் எவ்வளவு பிளீச் ஊற்றினாலும் டெஸ்ட் கிட் பூஜ்யமே காட்டியது. கடைசியில் 1,200 லிட்டரையும் சாக்கடையில் விட வேண்டியதாயிற்று.

அதனால் முழுப் பெயரையும் சொல்லுங்கள்: "சோடியம் ஹைப்போகுளோரைட், லிக்விட்." ஐஎஸ் 11673 என்பது இதற்கான இந்தியத் தரக் குறியீடு. கேன் லேபிளில் அது இருந்தால் நல்லது. கீழே நான் "ஹைப்போ" என்பதெல்லாம் இந்த லிக்விடைத்தான்.

தண்ணீர்தான் சூடாக இருக்கிறதே, கிருமி எப்படி வரும்?

கை பொறுக்காத சூடு என்றால் சரி. ஹாட் டப்பின் உச்சமே 40 டிகிரி. அந்தச் சூடு கிருமிக்கு மெத்தை மாதிரி. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தோலில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு கிளப்பும். லெஜியோனெல்லா இன்னும் மோசம். காற்றுக்குமிழி கிளப்பும் நீர்த்துளியோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா கொடுக்கும். 1999இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி. அங்கே விற்பனைக்குக் காட்டி வைத்திருந்த தொட்டியிலிருந்து கிளம்பிய நீர்த்துளியைச் சுவாசித்தே நூற்றுக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சும்மா பக்கத்தில் நடந்து போனவர்கள் அவர்கள். தொட்டிக்குள் இறங்கவே இல்லை.

நம் ஊருக்கு இன்னொரு விஷயம் உண்டு. கத்திரி வெயிலில் ஹீட்டரை அணைத்து வைத்தாலும் மொட்டைமாடித் தண்ணீர் 33, 35 டிகிரியில் நிற்கும். "யூஸ் பண்ணலையே" என்று மே மாதம் குளோரின் போடாமல் விட்டால், அந்த ஒரு மாதமும் கிருமிக்குச் சித்திரைத் திருவிழாதான்.

பிளீச்சிங் பவுடர் மலிவு. அது போதாதா?

கிணற்றுக்கும் சம்ப்புக்கும் போதும். ஹாட் டப்புக்கு வேண்டாம். அதில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான், மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அடியில் மண் மாதிரி தங்கும், ஃபில்டரை அடைக்கும், ஹீட்டரில் ஒட்டும். ஏற்கெனவே நம் போர் தண்ணீரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமா?

நீச்சல்குளத்துக்குப் போடும் குளோரின் மாத்திரை? டைக்ளோர் பவுடர்?

மாத்திரை என்பது டிரைக்ளோர். கடும் அமிலத்தன்மை கொண்டது, மெதுவாகக் கரையும். சின்னத் தொட்டியில் மிதக்க விட்டால் ஓரிடத்தில் ஒதுங்கி நின்று தொட்டியின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை வெளுக்கும். டைக்ளோர் குருணை அவ்வளவு மோசமில்லை, சட்டென்று கரையும், வைத்திருந்தாலும் கெடாது. ஆனால் இரண்டிலும் சயனூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் பிடித்து வைக்க, திறந்தவெளி நீச்சல்குளத்துக்காகச் சேர்ப்பது அது. டைக்ளோரில் 10 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) குளோரின் ஏற்றினால் கூடவே சுமார் 9 பிபிஎம் சயனூரிக் ஏறும். குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் போகாது. ஒரு நாளைக்கு 3 பிபிஎம் வீதம் ஒரு மாதம் போட்டால் 80 பிபிஎம் சேர்ந்துவிடும். அப்புறம் டெஸ்ட் கிட் "குளோரின் இருக்கு" என்று காட்டும், அந்தக் குளோரின் கிருமியைக் கொல்வதில் மந்தமாக இருக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஹாட் டப்பில் சயனூரிக் கலந்த குளோரினே வேண்டாம் என்கிறது.

ஹாட் டப்புக்குத்தான் மூடி இருக்கிறதே. வெயில் படாத தண்ணீருக்கு அந்தப் பிடிமானம் எதற்கு? நான் லிக்விடுக்கு மாறியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, எந்த பிராண்டு வாங்கலாம்?

அதிகம் வரும் கேள்வி இது. என் பதிலைக் கேட்டு யாருக்கும் திருப்தி வந்ததில்லை. பிராண்டைப் பார்க்காதீர்கள், கேனின் வயதைப் பாருங்கள்.

லிக்விட் குளோரின் பால் மாதிரி. இருக்க இருக்க வீரியம் குறையும். சூடு 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் மூன்று, நான்கு மடங்காகும். 25 டிகிரி குளிரறையில் மாதக்கணக்கில் தாங்கும் சரக்கு, மதுரையில் தகரக் கொட்டகைக்குள் 38 டிகிரியில் இருந்தால் வாரக்கணக்குதான். வீரியம் கூடுதலாக உள்ள சரக்கு இன்னும் வேகமாகக் கெடும். "12 சதவீதம்" என்று லேபிளில் இருப்பது நிரப்பிய நாளின் கணக்கு. உங்கள் கைக்கு வரும் நாளின் கணக்கு வேறு.

நான் பார்க்கும் முறை இது. மெடிக்கலில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில், வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்றை அப்படியே கவிழ்ப்பேன். ஆர்ஓ தண்ணீரானால் குளோரின் இருக்காது. சந்தேகமாக இருந்தால் முதலில் வெறும் தண்ணீரையே டெஸ்ட் செய்துகொள்ளலாம். அதில் சரியாக 1 மில்லி ஹைப்போ விட்டுக் கலக்கி, டெஸ்ட் கிட்டில் பார்ப்பேன். வரும் எண்ணை இரண்டால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். 5 பிபிஎம் காட்டினால் 10 சதவீதம். 3 காட்டினால் 6. (வாட்டர் கேனுக்குள்ளேயே ஹைப்போவை விட்டுவிடாதீர்கள். அந்தக் கேன் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகும்.)

ஒரு தடவை புதுக் கேன் 5 காட்டியது. ஏப்ரலில் மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 3. மூடியைத் திருகியபோது "புஸ்" என்று சத்தம். கேனின் பக்கவாட்டும் லேசாகப் புடைத்திருந்தது. கெடும்போது ஆக்சிஜன் வெளியேறுவதால் அப்படி ஆகும். இதற்காகத்தான் நல்ல கேன் மூடியில் காற்றுப் போக வழி வைத்திருப்பார்கள். அதை டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "அண்ணே, கேன் என்னைக்கு வந்துச்சு?" நான் வாங்கும் கடைக்காரர் முதலில் முறைத்தார். இப்போது அவரே, "இன்னிக்கு வேணாண்ணே, புதன்கிழமை லோடு வருது, அப்ப வாங்க" என்கிறார். லோடு அடிக்கடி இறங்கும் கடையே நல்ல கடை. நீச்சல்குளங்களுக்கும் சாயப்பட்டறைக்கும் போடுகிறவர்களிடம் சரக்கு தேங்குவதில்லை.

35 லிட்டர் கேன் எடுத்தால் விலை குறைகிறதே?

குறையும். 1,200 லிட்டர்த் தொட்டிக்கு அதைத் தீர்க்க ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். அதற்குள் பாதி வெறும் உப்புத் தண்ணீர். ஐந்து லிட்டர் வாங்குங்கள். வேறு வழியில்லாமல் பெரிய கேன் எடுத்தால் மூன்று வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, வாங்கிய அன்றே ஆர்ஓ தண்ணீரைச் சரிபாதி சேர்த்து 5 சதவீதமாக்கி வைப்பது. பாதியாக்கினால் கெடும் வேகம் கால் பங்குக்கும் கீழே இறங்கும். அளவை இரட்டிப்பாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். போர் தண்ணீரை மட்டும் கலக்காதீர்கள். அதிலுள்ள இரும்பு ஹைப்போவை இன்னும் சீக்கிரம் கெடுக்கும்.

எங்கே வைப்பது?

வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான, காற்றோட்டமான இடத்தில். எங்களுக்கு அது வடக்குப் பக்கச் சந்து. மொட்டைமாடி, கார் டிக்கி, ஹீட்டர் பக்கம் ஆகாது. மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் பக்கத்திலும் வேண்டாம். ஆவி பட்டு இரும்பும் செம்பும் அரிக்கும். ஆசிட் பாட்டில் இருக்கும் அலமாரியில் கண்டிப்பாகக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

தெருவில் பினாயில், ஆசிட் விற்று வருபவரிடம் வாங்கலாமா?

தரை துடைக்க வாங்குங்கள். எத்தனை சதவீதம், என்றைக்குப் போட்டது என்று அவருக்கே தெரியாது. வாசனை சேர்த்தது, குழகுழவென்று இருப்பது எதுவும் ஹாட் டப்புக்கு ஆகாது. ஜெட்டை (தண்ணீரையும் குமிழியையும் பீய்ச்சும் குழாயை) போட்டதும் நுரை தள்ளும்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்?

1,000 லிட்டர் தண்ணீருக்கு 10 சதவீத ஹைப்போ 10 மில்லி விட்டால் 1 பிபிஎம் ஏறும். இந்த ஒரு வரியை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் மனக்கணக்கு. என் தொட்டிக்கு ஒரு பிபிஎம்முக்கு 12 மில்லி. பூஜ்யத்திலிருந்து 4க்கு ஏற்ற 48 மில்லி. சரக்கு 6 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதே வேலைக்கு 80 மில்லி.

ஹாட் டப்பில் குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே போகக் கூடாது என்பது சிடிசியின் அளவு. பிஎச் (தண்ணீரின் அமில, காரத்தன்மை அளவு; 7க்கு மேலே காரம்) 7.0 முதல் 7.8 வரை. நான் 3க்கும் 5க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். ஒருவர் அரை மணி நேரம் இருந்துவிட்டு எழுந்தால், ஏறியதும் சுமார் 40 மில்லி ஊற்றிவிடுவேன். மறுநாள் காலையில் டெஸ்ட். யாரும் இறங்காத நாளிலும் டெஸ்ட் உண்டு. சூட்டில் அது பாட்டுக்குக் குறைந்துகொண்டே இருக்கும்.

உங்கள் தொட்டி எத்தனை லிட்டர் என்று தெரியாவிட்டால், நிரப்பும் குழாயில் ஒரு 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். அப்புறம் தொட்டி நிறையும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அளக்கச் சிலர் பாலாடையை எடுக்கிறார்கள். எடுங்கள், ஆனால் அந்தப் பாலாடை அன்றோடு குழந்தைக்கு இல்லை.

ஊற்றுவதில் ஏதாவது முறை உண்டா?

பம்ப் ஓட வேண்டும், ஆட்கள் வெளியே இருக்க வேண்டும். தண்ணீர் பாய்ந்து வரும் வாய்க்கு எதிரே, தண்ணீரை ஒட்டிக் குனிந்து மெதுவாக. நாலு விரற்கடை உயரத்திலிருந்து ஊற்றினால் போதும். உயரத்திலிருந்து ஊற்றி என் இரண்டு லுங்கியில் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது. ஊற்றிய பிறகு மூடியை இருபது நிமிடம் திறந்தே வையுங்கள். உடனே மூடினால் அந்த ஆவி மூடியின் அடித்துணியையும் தொட்டியில் தலை சாய்க்கும் தலையணையையும் தின்னும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் இறங்கலாமா?

எங்கள் வீட்டில் பெரிய சண்டையே இதில்தான் வந்தது. மாமா ஊரிலிருந்து வந்தார். சனிக்கிழமை, உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய். "வெந்நீர்தானே மாப்ளே, எண்ணெய் தானாப் போயிரும்" என்று அப்படியே இறங்கிவிட்டார். ஜெட்டைத் தட்டியதும் சோப்புப் போட்ட மாதிரி நுரை, ஓரமெல்லாம் மஞ்சள் பிசுக்கு. குளோரின் அரை மணியில் பூஜ்யம். எண்ணெய், வியர்வை, மஞ்சள், சீயக்காய் எல்லாவற்றையும் எரிக்கக் குளோரின் செலவாகும், கிருமிக்கு மிஞ்சாது. அன்றைக்கு ஃபில்டரைக் கழற்றிக் கழுவியதும் நான்தான்.

சீயக்காய் போட்டு முழுசாகத் தேய்த்துக் குளித்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். அதைவிட மறுநாள் இறங்குவது உத்தமம். தலையில் மல்லிகைப்பூ இருந்தால் அதையும் எடுத்து வைத்துவிட வேண்டும். ஒரு முழம் பூ போதும், ஃபில்டர் அடைக்க.

குளோரின் வாடை தூக்குகிறது. அதிகமாகிவிட்டதா?

பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்த குளோரமைன்தான் அப்படி மூக்கைக் குத்தும், கண்ணை எரிக்கும். குளோரின் பற்றாமல் போனதன் அடையாளம் அது. மூடியைத் திறந்து, ஜெட்டை ஓடவிட்டு, 10 பிபிஎம் வரை ஏற்றுங்கள். 5க்குக் கீழே இறங்கிய பிறகு குளிக்கலாம்.

போர் தண்ணீரை நிரப்பலாமா? ஹைப்போ ஊற்றினால் பிஎச் ஏறும் என்கிறார்களே?

ஹைப்போ காரம்தான், ஊற்றியதும் பிஎச் கொஞ்சம் ஏறும். ஆனால் குளோரின் வேலை செய்து செலவாகும்போது திரும்ப இறங்கிவிடும். உண்மையில் பிஎச்சை ஏற்றுவது உங்கள் ஜெட். சோடா பாட்டிலைக் குலுக்கினால் கேஸ் போவது போல, குமிழி கிளம்பக் கிளம்பத் தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு போய்விடும், பிஎச் ஏறும். காரத்தன்மை கூடிய போர் தண்ணீரில் இது ஓயாது.

பிஎச் ஏறினால் என்ன என்று விட முடியாது. 7.2இல் குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு வீரியமான நிலையில் இருக்கும். 8இல் கால் பங்கும் தேறாது. போட்ட காசில் முக்கால்வாசி சும்மா மிதக்கிறது என்று அர்த்தம்.

வைகைத் தண்ணீர் வரும் கார்ப்பரேஷன் குழாய் இருந்தால் அதை நிரப்புங்கள். எங்கள் பக்கம் போர் உப்புத் தண்ணீர். பாத்திரம் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும். நான் பாதி நல்ல தண்ணீர், பாதி போர் என்று கலக்கிறேன். பிஎச்சை இறக்க டிரை ஆசிட் (சோடியம் பைசல்பேட் என்ற பவுடர்) நல்லது. பாத்ரூம் ஆசிட் மஞ்சளாக இருப்பது அதிலுள்ள இரும்பால். தொட்டியில் கறை விழும்.

எந்த டெஸ்ட் கிட்?

மஞ்சளாக மாறுவது ஓடிஓ. மொத்தக் குளோரினைக் காட்டும், செத்த குளோரமைனையும் சேர்த்து. ரோஸ் நிறமாக மாறுவது டிபிடி. உயிருள்ள குளோரினை மட்டும் காட்டும். டிபிடி வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் ரோஸ் நிறமே வெளுத்து, பூஜ்யம் போலத் தெரியும். சந்தேகம் வந்தால் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து திரும்பப் பாருங்கள்.

எதோடு கலக்கக் கூடாது?

எதோடும். ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. கக்கூஸ் கழுவும் திரவம் பலவும் ஆசிட்தான். மாத்திரை போட்ட டப்பாவிலோ பவுடர் அள்ளிய கரண்டியிலோ ஹைப்போ படக் கூடாது, சூடாகி வெடிக்கக்கூடும். பிஎச்சுக்கு ஆசிட் விட்ட அன்று, தண்ணீர் நன்றாகக் கலந்து அரை மணி கழித்துத்தான் குளோரின். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள்.

குழந்தைகள்?

ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

தண்ணீரை எப்போது மாற்றுவது? தென்னைக்கு விடலாமா?

மூன்று மாதம். ஹைப்போ தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைச் சேர்க்கும், வேறு வழியில்லை. குளோரின் விடுவதை நிறுத்தி, மூடியைக் கழற்றி இரண்டு நாள் வெயில் படவிட்டால் குளோரின் போய்விடும். டெஸ்டில் பூஜ்யம் வந்ததும் தென்னைக்கு விடுகிறேன், இதுவரை மரம் கோபித்துக்கொள்ளவில்லை. துளசி, ரோஜா பக்கம் விடுவதில்லை.

வீரியம் போன பழைய கேனை என்ன செய்வது?

3 சதவீதத்துக்குக் கீழே வந்ததைத் தொட்டிக்குப் பயன்படுத்துவதில்லை. மொட்டைமாடிப் பாசிக்கும் பாத்ரூம் தரைக்கும் ஊற்றித் தீர்த்துவிடுவேன். குடிநீர் சம்ப்பில் ஊற்றாதீர்கள். ஹைப்போ கெடும்போது உள்ளே குளோரேட் சேரும். காலிக் கேனை மூன்று தடவை அலசி, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பிறகே பழைய இரும்புக்காரரிடம் போடுகிறேன். ஓட்டை போடாமல் கொடுத்த கேன் ஒன்றில், பக்கத்துத் தெருவில் குடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.